வெளிநாட்டுக் கடல்

“உள்ளூர்க் கடல் வேண்டாங்க. போனா அந்தத் தீவுக்குத்தான் போகணும்.”

சாப்பாட்டு மேசையில் மனைவி இப்படிச் சொன்னதும் பல் டாக்டரின் கை தட்டிலேயே நின்றது. எதிரே அவருடைய அண்ணனும் அண்ணியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று ஒன்றை வாய்விட்டுக் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கேட்கிறதுதான் கேட்கிறே, பக்கத்துல இருக்கிற கடலாக் கேட்கக் கூடாதா? அங்க தண்ணிக்கு நடுவுல தூண் நட்டு, அது மேல வீடு கட்டி வச்சிருக்கானாம். தரையெல்லாம் கண்ணாடியாம், கீழ மீன் ஓடுமாம். நம்மளை மாதிரி ஆளுங்க அங்க ஒரு வாய் காபி குடிச்சாலே சொத்து போயிடும்.”

“அவர்தான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாருக்கா,” என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அதற்குள் அண்ணன் எட்டி அவர் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டார். நாலு பேர் எதிரில் முடியாது என்று சொல்கிற வழக்கம் டாக்டருக்குக் கிடையாது. அதற்கென்ன, போய்வந்தால் போயிற்று என்று சிரித்துவைத்தார்.

நகரத்தில் அவருக்கு நல்ல பேர். கீழே மருத்துவமனை, மாடியில் வீடு. வலிக்காமல் பல் பிடுங்குவார் என்று வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். நீதிபதி முதல் காவல்துறை அதிகாரி வரை அவர் முன்னால் வாயைத் திறக்காத பெரிய மனிதர் ஊரில் இல்லை. மாடிப்படி இறங்கும் இடம் நோயாளிகள் காத்திருக்கும் கூடம். எனவே அவளோ இரண்டு பெண் குழந்தைகளோ அவருக்குத் தெரியாமல் வெளியே போய்வருவது நடக்காத காரியம். குடும்பத்தைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்பார்கள்.

அண்ணன் குடும்பம் கிளம்பியதும் மாடிக் கதவு சாத்தப்பட்டது. மறுநாள் அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினாள். வரவேற்பில் இருக்கும் பெண் விசாரித்ததற்குத் தூக்கத்தில் சுளுக்கிக்கொண்டது என்றாள்.

ஆனாலும் பேச்சை விடவில்லை. பல் செட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்த நீதிபதியின் மனைவியிடம் தீவைப் பற்றிச் சொன்னாள். அது போதும். ஒரு வாரத்துக்குள் நாற்காலியில் வந்து சாய்கிற எல்லோரும், வாயில் பஞ்சை வைப்பதற்கு முன், பயணம் எப்போது என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க டாக்டருக்கே அதில் பெருமை தட்டிவிட்டது. டிராவல்ஸ்காரரை வீட்டுக்கு வரவழைத்தார்.

தேதியை அவரே முடிவு செய்தார். விமானத்தையும் சாப்பாட்டையும் அவரே தேர்ந்தெடுத்தார். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். டாக்டர் படங்களை அவள் பக்கம் தள்ளினார்.

“இது சூரியன் உதிக்கிறதைப் பார்க்கிற ரூம். இது மறையறதைப் பார்க்கிறது. எது வேணும் உனக்கு?”

“எதுவானாலும் சரிங்க.”

“இதுக்கா இத்தனை நாள் உயிரை வாங்கினே?”

டிராவல்ஸ்காரர் நல்ல மனிதர். இதே விடுதிக்காரர்கள் நம் கரையிலேயே ஒன்று கட்டியிருக்கிறார்கள், இதே வசதி, காரிலேயே போய்விடலாம் என்றார். டாக்டர் முகம் மலர்ந்தது. அவள் முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

“வெளிநாடுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சுங்க,” என்றாள் மெதுவாக. “இப்ப மாத்தினா உங்களைத்தான் ஒரு மாதிரி பேசுவாங்க.”

டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, தீவுக்கே டிக்கெட் போடச் சொன்னார். டிராவல்ஸ்காரர் போன பிறகு மாடிக் கதவு மறுபடியும் சாத்தப்பட்டது.

கிளம்புவதற்கு முன், பெட்டி அடுக்கும்போது பெரியவள் கிட்டே வந்து உட்கார்ந்தாள். நீச்சல் உடை வாங்கவே இல்லையே என்று கேட்டாள். தங்கச்சிக்குக் கடல் என்றால் பயம், அவளை யார் பிடித்துக்கொள்வார்கள் என்றும் கேட்டாள். மகளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் கோதிக்கொண்டிருந்தாள்.

பயண நாளில் வரவேற்புப் பெண் வாசல் வரை வந்து கையசைத்தாள். நான்கு பாஸ்போர்ட்டும் டாக்டரின் சட்டைப் பையில் இருந்தன. வழியெல்லாம் அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விமான நிலையத்திலும் அவளையும் குழந்தைகளையும் முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

பாஸ்போர்ட் சோதிக்கும் இடத்தில், தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டருகே காவலர் கையை நீட்டி மறித்தார்.

“எல்லாரும் ஒண்ணாப் போகக் கூடாது சார். அம்மாவும் பிள்ளைங்களும் முதல்ல போகட்டும். நீங்க இங்கயே நில்லுங்க. அவங்க பாஸ்போர்ட்டை அவங்க கையில குடுங்க.”

டாக்டர் ஏதோ சொல்லப் போனார். பின்னால் வரிசை நீண்டு நின்றது. மூன்றை எடுத்துக் கொடுத்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு,” என்றார் தாழ்ந்த குரலில்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “எங்க போறீங்க?”

அவள் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, முழங்கைக்கு மேல் ஏற்றி, கையைக் கண்ணாடிக்கு நேரே வைத்தாள். அதிகாரியின் கண்கள் அந்தக் கையில் கன்றியிருந்த தடங்களிலேயே நின்றன.

“எங்கயும் போகலைங்க. ஊர்ல எல்லாரும் அவருக்கு வேண்டியவங்க. அவரைத் தெரியாத ஒரு அதிகாரி முன்னால அவர் இல்லாம நிக்கிறதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எங்க மூணு பேரையும் அவரோட மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்கம்மா.”