முட்டை அட்டை ரோஜா

மாப்பிள்ளையின் பெரியம்மா மேடையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

அது ரோஜா இல்லை, முட்டை அட்டை.

என் வீட்டுக்காரர் சாதுல்லாவுக்குக் கள்ளக்குறிச்சியில் முட்டை வியாபாரம். லாபம் வருகிறதோ இல்லையோ, காலி அட்டை மட்டும் கூரை முட்டக் குவிந்துவிடும். மூத்த மகள் ஃபரீனின் நிக்காஹ் மேடையை அலங்காரம் செய்ய ஒருவன் ஐம்பதாயிரம் கேட்டான். அந்தக் காசுக்கு மேடையையே விலைக்கு வாங்கிவிடலாமே என்று சொல்லி அனுப்பிவிட்டு, ருக்ஷானாவைக் கூப்பிட்டேன்.

ருக்ஷானா என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார் அமீனுல்லாவின் மகள். தாயில்லாப் பிள்ளை. மூத்தாரும் மவுத்தான பிறகு, பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது முப்பது. அன்றைக்கு நாலு பேர் பார்க்க அவள் தலையைத் தடவி, இவளைக் கரையேற்றுவது என் பொறுப்பு என்று அழுதவள் நான்தான். அந்த மாதிரி நேரத்தில் வாய் தானாகப் பேசிவிடுகிறது.

வரன் தேடாமல் இல்லை. அமையவில்லை. ஊரில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் கை இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. அட்டையை நனைத்து, இதழ் இதழாக வெட்டி, சுருட்டி ஒட்டி, சாயத்தில் முக்கிக் காயவைத்தாள். இரண்டு மாதம் கூடம் முழுக்க ரோஜா. தொழுகைப் பாய் விரிக்க இடமில்லை.

தோரணத்துக்குத் தினைக்கதிர் வேண்டும் என்று வெள்ளிமலைக்கு பஸ் ஏறினாள். மலைப்பாதை வளைவுகளில் நான்கு தடவை வாந்தி எடுத்தாளாம். இரண்டு கட்டுக் கதிரோடுதான் இறங்கினாள். அதை மொட்டை மாடியில் காயப்போட்டு, ஊர்க் குருவிகளை ஒரு வாரம் விரட்டினாள். என் பழைய துப்பட்டாக்களைக் கிழித்து, பேரீச்சம்பழம் போட்டுக் கொடுக்க முந்நூறு சின்னப் பைகள் தைத்தாள்.

ஃபரீன் என்ன செய்தாள் என்கிறீர்களா? ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, 'என் கையால் செய்தது' என்று ஸ்டேட்டஸ் வைத்தாள். மணப்பெண்ணுக்குக் கை வலிக்கலாமா?

பெரியம்மா பூவைத் திருப்பினார். பின்பக்கம் முட்டை உட்கார்ந்த குழி அப்படியே இருந்தது. போச்சு, மானம் கப்பலேறியது என்று நினைத்தேன்.

அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. முட்டை அட்டையில் இப்படியும் செய்ய முடியுமா என்று வாய் பிளந்தார். யார் செய்தது என்று கேட்டார்.

அங்கேதான் நான் கோட்டை விட்டேன். சென்னையில் ஆர்டர் கொடுத்தோம் என்று முடித்திருக்க வேண்டும். சிக்கனமாகச் சமாளித்த பெருமை நாக்கைப் பிடித்து இழுத்தது. எல்லாம் எங்கள் வீட்டுப் பெண்தான், மூத்தார் மகள் ருக்ஷானா, இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள சர்புதீனு உளுந்தூர்பேட்டைல செல்போன் கடை வெச்சிக்கினு இருக்கான். ஒரு வருசமா பொண்ணு பாத்துக்கினு இருக்கோம். நீங்க நகை நட்டு ஒண்ணும் போட வேணாங்க, இந்த மாதிரி கை இருக்கற பொண்ணு எங்க வூட்டுக்கு வந்தா அதே ஜாஸ்தி. இன்னா சொல்றீங்க?"

என்ன சொல்வது? எலவனாசூர்கோட்டையில் சொந்த வீடு. பையனைக் காலையிலேயே பார்த்திருந்தேன். வேனிலிருந்து வயதானவர்களைக் கைபிடித்து இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்கினான். குறை கண்டுபிடிக்க நானும் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஃபரீனுக்குக் கீழே எனக்கு இன்னும் இரண்டு மகள்கள். இரண்டு மேடை, அறுநூறு பை.

"அவளுக்குப் பேசி முடிச்சாச்சுங்க. நாள் குறிக்கறதுதான் பாக்கி."

சொல்லக் கஷ்டமாகவே இல்லை. சின்னசேலத்திலிருந்து கேட்டு வந்தவர்களிடமும், தியாகதுருகத்துக்காரர்களிடமும் இதையேதான் சொன்னேன். பழகிய வாய்.

எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று பெரியம்மா பூவை என் கையில் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போனார். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

மேடைத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. அவிழ்ந்த தோரணத்தைக் கட்டப் போன ருக்ஷானா அங்கேதான் இருந்திருக்கிறாள். திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். விரலெல்லாம் பசை.

எல்லாம் கேட்டிருக்கிறாள். அழுவாள், திட்டுவாள், சபை என்றும் பார்க்காமல் கத்துவாள். எது செய்தாலும் எனக்குத் தகும். வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

அவள் அழவில்லை. முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். முகம் சிவந்துபோயிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"மாப்ள எந்த ஊரு சாச்சி?"