பேக்கப் எடுக்காதவள்

"பேக்கப் புத்தகத்தை மொழிபெயர்க்கிற ஆளுகிட்டயே பேக்கப் இல்லையாம்."

சிகித் இதைச் சொன்னதும் ஆபீஸே சிரித்தது. வாய் நிறைய டெம்பே என்ற சோயா வறுவல் வைத்திருந்த ஒருத்தருக்குப் புரையேறியது.

வெனிங் தலையைக் குனிந்துகொண்டாள். புது லேப்டாப்புக்கு மாறும்போது எல்லாம் போய்விட்டது. இந்தோனேசிய மொழியில் அவள் எழுதி முடித்திருந்த அத்தனை அத்தியாயமும் போச்சு.

ஹந்தோகோ மட்டும் சிரிக்கவில்லை. அந்த பேக்கப் மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் கையேடு எழுதியவர் அவர்தான். யோக்யகர்த்தாவிலேயே தன்னைப் போல ஆங்கிலம் எழுத ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு.

"ஏம்மா, ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி போட்டு வைக்க உனக்கு என்ன கேடு?"

"தப்பு என்னோடதுதான், பாக்." அங்கே 'சார்' என்பதைத்தான் 'பாக்' என்பார்கள்.

"ஊர் ஊரா சுகாதார நிலையத்துக்குப் போகப்போற புத்தகம். நோயாளிங்க விவரம் பூரா இதை நம்பித்தான் வைக்கப்போறாங்க. திங்கக்கிழமைக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"கொடுத்துடறேன், பாக்."

கொடுத்தும்விட்டாள். சோறு தண்ணி பார்க்காமல் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து எழுதியிருந்தாள். பட்டால்தான் புத்தி வருது என்று நினைத்துக்கொண்டே ஹந்தோகோ பக்கங்களைப் புரட்டினார்.

'புதுக் கம்ப்யூட்டருக்கு மாறுவது எப்படி' என்ற இடத்தில் அவர் முகம் மாறியது.

"நான் என்ன எழுதியிருக்கேன்? டிஸ்கைச் செருகு, தானியங்கி பேக்கப்பைப் போடு, அப்புறம் டிஸ்க்ல இருக்கிற பழைய ஃபைலைக் கம்ப்யூட்டர்ல இறக்கு. நீ தலைகீழா மாத்தியிருக்கே. முதல்ல இறக்கு, அப்புறம்தான் பேக்கப்பைப் போடுன்னு. கொட்டை எழுத்துல எச்சரிக்கை வேற. உன்னை மொழிபெயர்க்கச் சொன்னேனா, எனக்கு வாத்தியார் வேலை பார்க்கச் சொன்னேனா?"

"நீங்க எழுதினபடியே ஒரு தடவை செஞ்சு பார்த்துடுங்க, பாக்."

"எழுதினவனுக்கே பரீட்சையா?"

வீம்புக்குத்தான் செய்தார். ஒரு காலி லேப்டாப்பை எடுத்துவைத்து, சோதனைக்கென்று பழைய ஃபைல்களோடு வைத்திருந்த டிஸ்கைச் செருகினார். தானியங்கி பேக்கப்பைப் போட்டார்.

மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்தது. கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ, டிஸ்கிலும் அதுதான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷத்தில் டிஸ்கிலும் ஒன்றும் இல்லை.

ஹந்தோகோ திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப... உன் டிஸ்க்?"

"இந்த அத்தியாயத்துல இருக்கும்போதுதான் புது லேப்டாப் வந்துச்சு. பழசைத் துடைச்சுத் திருப்பிக் கொடுத்துட்டு, உங்க புத்தகத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அதுல சொன்னபடியே செஞ்சேன்." அவள் குரல் இறங்கியது. "மொழிபெயர்ப்பைத் திரும்ப எழுதிட்டேன், பாக். பையன் முதமுதல்ல நடந்த வீடியோவும் அதுலதான் இருந்துச்சு."

"அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"அத்தனை பேர் முன்னாடியா? புத்தகம் திருந்தினாப் போதும்னு விட்டுட்டேன்."

அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. தன் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து, அவள் எழுதியிருந்தபடியே மாற்றினார்.

சாயங்காலம் புத்தகம் அச்சுக்குப் போனது. அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் இஞ்சி டீ வந்தது. சிகித்துக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"என்ன வெனிங், இந்தத் தடவையாவது ஒரு காப்பி எடுத்து வெச்சியா?"

மறுபடியும் சிரிப்பு. பாவம், வெனிங்கும் சேர்ந்து சிரித்தாள்.

ஹந்தோகோ பேசாமல் டீயைக் குடித்திருக்கலாம். அவள் சொல்லப்போவதில்லை, யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஆனால் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ போன தடவையும் காப்பி எடுத்துத்தான் வெச்சிருந்தா. அதை அழிக்கிறதுக்கு வழி எழுதிக் கொடுத்தவன் நான்."