சன்னலோரக் கையுறை

ஓவனுக்குள் மஞ்சள் விளக்கு எரிகிறது. காலையில் மிளகாய்த்தூளும் சர்க்கரையும் தடவி, அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி வைத்த மாட்டு நெஞ்சுக்கறி தன் சாற்றிலேயே மெல்ல வெந்துகொண்டிருக்கிறது. வாசம் கூடம்வரை வந்துவிட்டது. ஓவனின் மணி அடிக்கிறது. அம்மாவும் மகளும் அசையவில்லை. இந்த வீட்டில் அந்தப் பொதியைப் பிரிப்பது எப்போதும் அப்பாதான். கருகிய ஓரத்தைப் பிய்த்து முதலில் மகள் வாயில் வைப்பார். குளிர்காற்று வரும் சன்னலோரக் கொக்கியில், சூடு தாங்க அவர் போட்டுக்கொள்ளும் கையுறை, விரல் மடங்கியபடியே விறைத்துத் தொங்குகிறது. அவர் இறந்தபின் யாரும் அதைத் தொடவில்லை. “பஞ்சா வெந்திருக்கும்மா. எடுத்துடட்டுமா?” “இருடி, அப்பா இப்ப வந்துடுவாரு,” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு அம்மா நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். வாசத்தில் தீய்கிற நெடி ஏறுகிறது. மகள் எழுந்துபோய்க் கையுறைக்குள் கையை நுழைக்கிறாள். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது.