தடைக்கால மெழுகுவர்த்தி

படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் கடற்கரையில் இருக்கும் சிறு சிலுவைக் கோயிலான குருசடியின் மணல்தட்டில் மெழுகுவர்த்தி நடுவதற்கு இடம் கிடைக்காது. போனவர்கள் திரும்பி வரும்வரை வீட்டுப் பெண்கள் மாலைதோறும் ஆளுக்கொன்று ஏற்றிவைப்பது ஊர் வழக்கம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் எல்லாம் கரையேறிவிட்டால் தட்டு வெறும் மணலாகக் கிடக்கும். இந்த வருடம் மட்டும் அதில் தினமும் ஒற்றை மெழுகுவர்த்தி எரிந்தது.

பத்தாவது நாள், அதை ஏற்றுகிற ஜெசிந்தாவின் பின்னாலேயே அவள் புருஷன் பெர்க்மான்ஸ் வந்தார். மூத்த மகனைக் கடல் கொண்டுபோன பிறகு, மூன்று வருடமாக அவர் குருசடிப் படியில் கால் வைத்ததில்லை. இன்றும் மணலிலேயே நின்றுகொண்டார்.

“நாந்தான் வீட்டுலயே கெடக்கேனே. பொறவு இது யாருக்கு?”

“யாருக்கும் இல்ல.”

“மவன் போன மறுநாளும் வந்து ஏத்துன. அன்னைக்கே எனக்கு வெளங்கல.”

“அன்னைக்கு ஆண்டவருகிட்ட சண்ட போட வந்தேன். மத்த நாளெல்லாம் ஏதாவது கேக்க வந்தேன்” என்றாள் ஜெசிந்தா. “இப்ப கேக்க ஒண்ணுமில்ல. சும்மா பாத்துட்டுப் போவோம்னு வாறேன்.”

கடற்காற்றில் அவள் கிழித்த தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நான்காவது குச்சியை எடுத்தபோது, படிக்குக் கீழே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. குச்சியைக் கிழிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.