இன்னொரு தடவை கரண்டு

"நான் வரமாட்டேன். தூக்கிட்டுப் போனீங்கன்னா வண்டியில இருந்து குதிச்சுருவேன்."

பெருமாயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். திரும்பும்போதே வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நர்ஸ் ஜெசிந்தாவுக்கு எரிச்சலாக வந்தது. மலைமேல் ஆலத்தூர் நாட்டு ஊர்களில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. பல வீடுகளில் பெற்ற பிள்ளைகளே கட்டில் பக்கம் வரமாட்டார்கள். இந்த வீடு அப்படியில்லை.

பெருமாயிக்கு எழுபத்திரண்டு வயது. மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. போன வருஷம் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மலையில் அதற்குப் பேர் கரண்டு வைப்பது. வலி விட்டது, கிழவி எழுந்து நடந்தாள். இப்போது அதே இடத்தில் மறுபடியும் வலி.

"ஏனுங்க சிஸ்டர், நீங்களாச்சும் சொல்லுங்க," என்றான் மகன் தனபால். "நாலு நாளாக் கெஞ்சறேன். வயசு ஒரு தடையே இல்ல, மறுக்காவும் வெக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாருங்க. இந்தத் தடவை ஒரே நாள்தான். ஜீப்புல மெத்தைகூட விரிச்சு வெச்சிருக்கேன்."

மருமகள் சுகுணா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத்தை படற பாட்டைப் பாக்க முடியலீங்க. எந்திரிச்சு நடமாடினாப் போதும்."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள், "இப்படி ஒரு மகன் யாருக்குக் கெடைப்பான்? கெழவிக்குக் கொழுப்பு," என்று சத்தமாகவே பேசிக்கொண்டார்கள்.

ஜெசிந்தா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, போன தடவை கரண்டு வெச்சப்ப ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

"இல்ல கண்ணு. வெச்சதே தெரியல."

"வலி போகலையா?"

"பத்து நாள்ல போயிருச்சு."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு அடம்? உங்க மகன் ஜீப்பைக் கொண்டாந்து நிறுத்திட்டு அழாத குறையா நிக்கறாரு. நீங்க பண்றது பாவம்மா."

கிழவி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வலி போயிருச்சுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். மறுநாளே குச்சிக்கெழங்கு மூட்டையத் தூக்கித் தலையில வெச்சாங்க. அப்புறம் மொளகு, வெறகு, தண்ணி. 'அதான் நல்லாயிருச்சுல்ல'ன்னு ஒரே பேச்சு. கூலிக்கு ஆளு கெடைக்கறதில்லையாமா. ஒரு வருசம் கண்ணு, காச்சல் வந்தப்பக்கூடப் படுக்க உடல."

மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஏழு வயசுல காட்டு வேலைக்கு எறங்கினவ நான். வலின்னாத்தான் என்னையப் படுக்க உடறாங்க. அதையும் போக்கிட்டா?"

பாவம் என்று சொன்ன தன் வாயை நினைத்து ஜெசிந்தாவுக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மா, உங்க முதுகெலும்பு அரிச்சுப்போய் இருக்கு. இனி ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது, தூக்கினா ஒடஞ்சு கால் வராமப் போயிடும்னு டாக்டர் எனக்கு அனுப்பின சீட்டுல எழுதியிருக்காரு. நானே உங்க மகன்கிட்டச் சொல்றேன். வாரா வாரம் வந்தும் பாக்கறேன். வலி குறைஞ்சு, வேலையும் இல்லாம நீங்க நிம்மதியாப் படுத்திருக்கலாம்."

"ரெண்டும் இல்லாமயா?"

"ரெண்டும் இல்லாம."

பெருமாயி முகத்தைத் திருப்பி அவளையே பார்த்தாள். இப்படி ஒன்று உலகத்தில் உண்டா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"அந்தத் தகரப் பொட்டியில நீலச் சேலை இருக்கும். எடு சாமி."

சேலையைச் சுற்றி முடிக்க அரை மணி நேரம் ஆனது. வலி தாங்காமல் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னாள். ஆனாலும் சீப்பை வாங்கித் தலையைத் தானே வாரிக்கொண்டாள். "மலை எறங்கற எழுபது வளைவுலயும் மெதுவாப் போகச் சொல்லு கண்ணு," என்றபோது அவள் குரலில் சின்னப் பிள்ளையின் அவசரம் இருந்தது.

ஜெசிந்தா சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். தனபாலும் சுகுணாவும் வாசலில் காத்திருந்தார்கள்.

"சம்மதிச்சுட்டாங்க."

தனபால் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க நல்லா இருக்கோணும் சிஸ்டர்."

"ஒரு விஷயம். வலி குறையறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா எலும்புக்குப் பழைய பலம் வராது. இனிமே அவங்க காட்டு வேலைக்கோ தண்ணிக்கோ போகக் கூடாது. வீட்டுக்குள்ள நடமாடலாம், அவ்வளவுதான்."

கும்பிட்ட கை இறங்கியது.

"எத்தன நாளைக்குங்க?"

"எப்பவுமே."

அவன் சுகுணாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அப்ப, வலி மட்டுந்தான் போகும்?"

"ஆமா. அது போதாதா?"

அவன் தெருமுனையில் நின்ற ஜீப்பை நோக்கி நடந்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் இப்போது அங்கேதான் நின்றிருந்தார்கள்.

உள்ளேயிருந்து பெருமாயி கூப்பிட்டாள்: "நான் கெளம்பிட்டேன் சாமி. வண்டி வந்துருச்சா?"

டிரைவர் குழந்தைசாமியிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தனபால் சொன்னான்:

"வண்டியத் திருப்பிக்கங்கண்ணா. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், அம்மா வரவே மாட்டேங்குது."