கதகதப்பான விதை

அடடா, அக்காக்காரியின் கைப்பக்குவத்தைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும்! விதைக்கடையின் பின்கட்டில், பரம்பரையாய் வந்த புள்ளி அவரை விதைகளை வாணலியில் போட்டு, மெழுகுவர்த்தியே வெட்கப்படும் இளந்தீயில் விரலால் புரட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு விதைகூட நிறம் மாறவில்லை, ஒரு தோல்கூட வெடிக்கவில்லை. உள்ளே உயிர் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. இனி ஏழு கடலைக் கொண்டுவந்து ஊற்றினாலும் முளைக்காது. முன்கட்டில் தங்கை நிற்கிறாள். சொந்தமாய் அவரை பயிரிட்டு விற்கக் குத்தகைக்கு நிலம் பிடித்து உழுதும் போட்டுவிட்டாள். அம்மா விட்டுப்போன இந்த விதையோ அக்காவிடம் மட்டும்தான் இருக்கிறது. பை கைமாறுகிறது.

“என்னக்கா, கதகதன்னு இருக்கு?”

“வெயில்ல காயவெச்சேன்டி. ஈரம் இருந்தா வண்டு விழும்ல?”

வாசலில் வானம் எருமைத்தோலாய் இருண்டு கிடக்கிறது. தங்கை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பையைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்கிறாள்.

“நீ தரவே மாட்டேன்னு எல்லாரும் சொன்னாங்கக்கா.”

“சொல்றவங்க சொல்லட்டும். ஆனா முளைக்கலேன்னா விதையைக் குத்தம் சொல்லிடாதடி. கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று அக்கா அவள் தலையைத் தடவுகிறாள். தங்கை பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் உள்ளங்கையை ஒருமுறை விரித்துப் பார்க்கிறாள்.