மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

"அவசரப்படாதீங்க டிரைவரே! நான் சொன்ன பிறகு மிதிச்சாப் போதும்."

வண்டிக்குள் ஒரு காலை வைத்து நின்றவர் பெடலிலிருந்து சட்டென்று காலை எடுத்தார்.

கோல்ஃப் மைதானத்தின் பின்புறக் கொட்டகை. அந்தப் பழைய பேட்டரி வண்டி சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. எலக்ட்ரீஷியன் சீட்டைத் தூக்கி ஓரமாகச் சாத்தினான். கீழே ஆறு பேட்டரிகள், மேலெல்லாம் வெள்ளைப் பொடி.

அவன் வேலை பார்த்த ஆலை மூடி எட்டு மாதமாகிறது. மனைவியின் தையல் மிஷின்தான் வீட்டை ஓட்டுகிறது. இங்கே இருப்பது ஒரே ஒரு இடம், நிரந்தர வேலை. சூப்பர்வைசர் வைத்த பரீட்சையும் ஒன்றே ஒன்றுதான்: வண்டி சமதரையில் ஓடுகிறது, மேடு ஏறும்போது நின்றுவிடுகிறது, ஏன்? எதையும் கழற்றக் கூடாது. கோளாறு எதுவென்று சரியாகச் சொல்பவனுக்கு வேலை.

"காலைலேருந்து எட்டு பேர் பாத்தாச்சுண்ணே. எல்லாரும் பேட்டரி அவுட்டுன்னு சொல்லிட்டு நடையைக் கட்டிட்டாங்க."

"வாயில்லாத ஜீவன் மேல பழி போடறது சுலபம்தானே! சரி, இப்ப மிதிங்க, சுவரை முட்டினா மேடு ஏறற பாரம் வரும். ரெண்டு செகண்டுதான், மோட்டார் சூடாயிடும்."

அவர் மிதித்தார். வண்டி சுவரை முட்டி முனகியது. ஆறு பேட்டரிக்கும் சேர்த்து அவன் வைத்திருந்த மீட்டரில் ஐம்பது வோல்ட் நாற்பதுக்கு விழுந்தது.

"விழுதுல்ல? அப்ப பேட்டரிதானேண்ணே?"

"பொறுங்க. ஒவ்வொருத்தனையா விசாரிப்போம்."

ஆறு முறை மிதிக்கச் சொல்லி ஆறு பேட்டரியையும் தனித்தனியாகப் பார்த்தான். ஒன்றும் இறங்கவில்லை.

"ஆறு பேரும் யோக்கியனுங்க. அப்ப பத்து வோல்ட்டைத் தின்னவன் எங்க இருக்கான்?"

"எங்கண்ணே?"

"நடுவுல. பேட்டரியைத்தான் எல்லாரும் பாப்பாங்க, ஒண்ணையும் ஒண்ணையும் இணைக்கிற கேபிளை எவன் பாக்குறான்? இப்ப கேபிளோட ரெண்டு முனையிலயும் மீட்டரை வைக்கிறேன். நல்ல கேபிளா இருந்தா ஒண்ணுமே காட்டக் கூடாது. மிதிங்க."

முதல் கேபிள், பூஜ்யம். இரண்டாவதும் பூஜ்யம். மூன்றாவதில் வைத்ததும் மீட்டர் ஒன்பதைக் காட்டியது.

"மாட்டினான்! மூணாவது பேட்டரிக்கும் நாலாவதுக்கும் நடுவுல. தொட்டுப் பாருங்க, எப்படிச் சுடுதுன்னு."

அவர் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "வெளியில பாத்தா புதுசு மாதிரி இருக்கே!"

"உறைக்குள்ள கம்பி பச்சை பூத்து அரிச்சிருக்கும். சமதரையில மிச்சம் இருக்கறதை வச்சு ஓட்டிடுவான். மேடு வந்தா தாங்காது."

"அண்ணே, உங்களை மாதிரி விளக்கமாச் சொல்ற ஆளை நான் பாத்ததே இல்ல. கேபிளை மாத்தினா ஓடிடுமா?"

"அந்த ஒண்ணை மாத்தினாப் போதும். குதிரை மாதிரி ஏறும்."

"கையெல்லாம் ஆசிட் பொடிண்ணே. இப்படியேவா ஆபீசுக்குள்ள போவீங்க? பின்னாடி குழாய் இருக்கு. நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க."

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டான். கை, முகமெல்லாம் கழுவினான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். வேலை கிடைத்ததும் முதல் டீ இந்த டிரைவருக்குத்தான். திரும்பி வந்து பார்த்தபோது கொட்டகையில் யாரும் இல்லை.

ஆபீஸ் வாசலிலேயே சூப்பர்வைசர் அவனை நிறுத்தினார்.

"ஸாரிப்பா. இப்பத்தான் ஆள் எடுத்தாச்சு."

"சார், நான் கண்டுபிடிச்சிட்டேன் சார்! அந்தக் கேபிள்..."

"தெரியும்பா. அவரும் அதைத்தான் சொன்னார், புட்டுப் புட்டு வைக்கிற மாதிரி."

உள்ளே மேஜையில் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவரைக் காட்டிச் சூப்பர்வைசர் சொன்னார்: "காலைல முதல் ஆளா வேலை கேட்டு வந்தவர். விடை தெரியாம நகர மாட்டேன்னு இத்தனை நேரம் வண்டிப் பக்கத்துலயே நின்னிருக்கார், பாரு!"